நல்லெண்ணெயில் பழக்கிய அச்சு

எதையும் அளந்து பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. சுவிஸில் லா ஷோ-து-ஃபோன் என்ற நகரத்தில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பற்சில்லுகளை அளந்து, நல்லதை ஒரு தட்டிலும் பிழையானதை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். அந்தக் குணம் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தோசை ஒரு பக்கம் தடித்திருந்தால் வாய் சும்மா இராது. எங்கள் வீட்டில் சமைப்பது என் கணவர் என்பதால், அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும்.

அவர் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல்காரர். அங்கே நாள் முழுக்க உப்பில்லாத சூப் வைத்துவிட்டு வருகிற மனுசன், வீட்டுக்கு வந்ததும் தன் நாக்குக்கும் கைக்கும் ஏற்றபடி சமைக்கத் தொடங்கிவிடுவார். பலகாரம் என்றால் இன்னும் ஒரு படி மேலே. ஊரிலிருந்து தருவித்த அச்சுகள் மட்டும் ஒரு இழுப்பு லாச்சி நிறைய இருக்கின்றன. இந்த நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் கலியாணம் என்றாலும் அச்சுப் பலகாரம் எங்கள் குசினியிலிருந்துதான் போகும்.

எனக்கு அவர் மாதிரி ஒரு பைத்தியம் இல்லையே என்று இருந்த காலத்தில்தான், தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலை செய்கிற சுவிஸ் தோழி ஒருத்தி என்னைப் பிஸ்டல் சுடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இங்கே எல்லாரும் அதை ஸ்ரான்ட் என்பார்கள். ஊருக்கு வெளியே, புல்வெளி ஓரத்தில், மாட்டுக் கொட்டிலைப் போல ஒரு நீளக் கட்டடம். இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் கடதாசி. மூச்சைப் பிடித்து, கையை அசையாமல் வைத்து, விரலை மெல்ல இழுக்க வேண்டும். நாள் முழுக்க நான் செய்கிற வேலைதான் அது, சத்தம் மட்டும் கூட. முதல் நாளே அதில் மயங்கி விழுந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"போம். நான் மறிக்கேல்லை. ஆனால் துவக்குச் சாமான் ஒண்டும் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது. என்னையும் அங்கை வா எண்டு கேக்கக்கூடாது."

காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதே சண்டைக் காலத்து வெடிச் சத்தத்தால்தான். ஓகஸ்ட் முதலாம் தேதி, சுவிஸின் தேசிய நாளுக்கு, இந்த நாடே வாணவேடிக்கை கொளுத்தும்போது, அவர் யன்னல்களைச் சாத்தி, ரீவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் குசினியில் எதையாவது அரைத்துக்கொண்டு நிற்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் எங்கோ யாரோ சுட்டுக்கொண்டிருக்கிற நாடு இது. வீடு தேடிய காலத்தில், நல்ல வெளிச்சமான வீடொன்றை, "தண்ணி வடியிற சத்தம் கேக்குது" என்று சொல்லி வேண்டாமென்றார். அங்கே கேட்டது தண்ணிச் சத்தம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனாலும் சனிக்கிழமைகளில் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவது அவர்தான். ஸ்ரான்டுக்குக் கீழே, வளைவில், காரை நிறுத்துவார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருப்பார். நான் திரும்பி வரும்போது ஒன்றும் கேட்கமாட்டார். உறவுக்காரர் யாராவது அந்த நேரத்தில் தொலைபேசி எடுத்து என்னைக் கேட்டால், "அவ சுடப் போயிட்டா" என்பார். அவர்கள் அதை வடை சுடுவது என்று எடுத்துக்கொள்வார்கள். அவரும் திருத்தமாட்டார்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று நானே தேடிக்கொண்ட சந்தோசம் அது ஒன்றுதான். அதை அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ளே வந்து பார்க்க வேண்டும். கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கேட்காமல் எப்படி வர வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் எனக்கு இன்னொரு தலையிடி. நான் வாங்கியது ஒரு பழைய ரிவோல்வர். அது ஸ்ரான்டின் இரும்பு அலுமாரிக்குள்தான் இருக்கும். நல்ல துவக்கு, ஆனால் குழல் வழமையைவிட ஒரு மயிரிழை அகலம். மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழலுக்குள்ளால் தள்ளி எடுத்து, மைக்றோமீற்றரில் வைத்து அளந்து பார்த்தேன். கடையில் விற்கிற குண்டுகள் இதற்குக் கொஞ்சம் மெலிவு. அண்ணனின் காற்சட்டையைத் தம்பி போட்ட மாதிரி உள்ளே ஆடிக்கொண்டு போகும். ஆடிக்கொண்டு போகிற குண்டு கடதாசியில் நினைத்த இடத்தில் விழாது. குழலுக்கு ஏற்ற குண்டு வேண்டுமென்றால் நானே ஈயம் வார்க்க வேண்டும். வார்ப்பதற்கு அச்சு வேண்டும்.

அச்சு தெரிவு செய்வது கலியாணத்துக்குச் சேலை எடுக்கிறதைவிடக் கரைச்சல். முதலில் வடிவம். உருண்டை மூக்கா, தட்டை மூக்கா? உருண்டை மூக்குக் குண்டு கடதாசியைக் கிழித்துக்கொண்டு போகும். துளை பிய்ந்த மாதிரி இருக்கும், புள்ளி வட்டத்தைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வரும். தட்டை மூக்கு அப்படியில்லை. முன்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி இருப்பதால், கந்தோரில் கடதாசிக்குத் துளை போடுகிற கருவியைப் போல வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்தது, ஒரு அச்சில் எத்தனை குழி? இதில்தான் எனக்கும் தோழிக்கும் முட்டிக்கொண்டது. அவளிடம் இருப்பது ஆறு குழி உள்ள அலுமினிய அச்சு. ஒரு தரம் ஊற்றினால் ஆறு குண்டு பொலபொலவென்று விழும்.

"ஒரு குழி அச்சு வாங்கினால் பென்சன் எடுக்கும்வரைக்கும் ஊற்றிக்கொண்டுதான் இருப்பாய்" என்றாள் பிரெஞ்சில்.

நான் அவளுடைய ஆறு குண்டுகளையும் எடுத்து ஒவ்வொன்றாக அளந்து காட்டினேன். ஆறும் ஆறு விதம். ஒரே அச்சுதான், ஆனால் ஒவ்வொரு குழியும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவள் வேகத்துக்குச் சுடுகிறவள், சிரித்துக்கொண்டே சுடுகிறவள். எனக்கு ஆகாது. ஒரே குழியிலிருந்து வருகிற குண்டுகள்தான் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். மெதுவாக வந்தால் வரட்டும். எனக்கு எங்கே போக இருக்கிறது?

கடைசியாக, அலுமினியமா இரும்பா? அலுமினியம் கைக்குப் பாரமில்லை, கெதியில் சூடேறும், கறள் பிடிக்காது. இரும்பு அப்படியில்லை, ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், நெடுங்காலம் அளவு மாறாமல் உழைக்கும். இரும்பு என்று முடிவெடுத்தேன். விலைப்பட்டியலில் அளவுகள் எல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தன. நான் மைக்றோனில் வாழ்கிறவள். ஒரு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் கல்குலேற்றரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ வரிக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு பிளேன்ரீ போட்டுத் தந்தார்.

ஸ்ரான்டுக்குத் தபால் வராது. வழமையாகச் சாமான்களைத் தோழி வீட்டுக்குத்தான் அனுப்பச் சொல்வேன். அந்தக் கிழமை அவள் விடுமுறையில் போயிருந்தாள். எனக்கோ பொறுமையில்லை. அச்சுக்கு எங்கள் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டேன். வந்த கையோடு காரின் பின்பெட்டிக்குள் வைத்துவிடலாம், வீட்டுக்குள் போகாதுதானே என்பது என் கணக்கு.

அன்று அவருக்கு லீவு நாள் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

வேலையால் வந்து கதவைத் திறந்ததும் நல்லெண்ணெய் மணம் அடித்தது. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. மேசையில் ஒரு தட்டு. அதில் சீனிப்பாகு பூத்த சின்னச் சின்னப் பலகாரங்கள் குவிந்து கிடந்தன. விரல் நுனி அளவு, கட்டையாக, உருளையாக, ஒவ்வொன்றின் இடுப்பிலும் அழகாக வளையம் வளையமாகக் கோடு.

"என்னப்பா, என்ரை பிறந்தநாளுக்கு எண்டால் சொல்லியிருக்கலாமே. பாசல் வந்தது, நான் உடைச்சுப் போட்டன்" என்றார். "நல்ல இரும்பு. ரெண்டு கைப்பிடி வைச்சிருக்கு. இங்கத்தைக் கிழவியள் பிஸ்கற் சுடுற இரும்பு மாதிரி, ஆனால் சின்னன். ஒரு நேரத்திலை ஒண்டுதான் வருது, அதுதான் ஒரு குறை. சிப்பிப் பலகாரத்துக்குக் குழைக்கிற மாவை அதிலை அமத்தி எடுத்துப் பொரிச்சுப் பாத்தன். எப்பிடி இருக்கு?"

நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் தட்டை மூக்கு அச்சு அடுப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது.

"அதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? புது அச்சைப் பழக்காமல் பாவிக்கேலுமோ? நல்லெண்ணெய் பூசி அவண் அடுப்புக்குள்ளை வைச்சு எடுத்தன். ஆறவிட்டுத் திரும்பப் பூசி, திரும்ப வைச்சனான். இப்ப பாரும், மா ஒட்டாது."

புது அச்சையும் புதுத் தோசைக்கல்லையும் எண்ணெயூட்டிச் சூடேற்றிப் பழக்குவது எங்கள் ஆட்களுக்குக் கையில் ஊறிய வழக்கம். துவக்குச் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்ன மனுசன், அதைத் தன் கையால் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, பிள்ளையைப் போலப் பழக்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தப் பலகாரத்தை அவர் இன்னும் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார் என்று தெரியும்.

"இஞ்சேருங்கோ, இது பலகார அச்சில்லை. குண்டு வார்க்கிற அச்சு."

அவர் கையில் ஒரு பலகாரம் இருந்தது. அதைப் பார்த்தார். அச்சைப் பார்த்தார். பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து கையைக் கழுவினார். துடைத்துவிட்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது போய், இனி அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் விட்டுவிடுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வியே எனக்கு அழுகையைத் தந்தது.

கனநேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"முனை எங்கை?" என்றார்.

"என்ன முனை?"

"குண்டெண்டால் முனை இருக்குமெல்லோ. ஊரிலை முற்றத்திலை நான் பொறுக்கினதெல்லாம் கூர். இது மொட்டையாக் கிடக்குது."

கடதாசியில் வட்டமாகத் துளை வெட்டுவதற்காகத்தான் அப்படி என்று சொன்னேன். கடதாசியைத் தவிர வேறொன்றுக்கும் இல்லை என்றும் சொன்னேன். அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். "ஏலக்காய் போட்டது காணாது" என்றார். அதோடு கதை முடிந்தது. மன்னித்தாரா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் என் அளவுகோலை எடுத்து ஒரு பலகாரத்தை அளந்தேன், என்ன செய்வது, குணம். பொரிந்ததில் நன்றாக ஊதியிருந்தது.

அடுத்த கிழமை ஸ்ரான்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டிலில், சுடுதல் இல்லாத ஒரு பின்னேரம், தோழியோடு ஈயம் வார்த்தேன். முதல் குண்டு திராட்சை வத்தலைப் போலச் சுருங்கி விழுந்தது. அச்சுக் குளிராக இருக்கிறது என்றாள் அவள். சூடேற்றினேன். இரண்டாவதும் வத்தல். மூன்றாவதும். கொட்டில் முழுக்க ஒரு மணம் பரவியது.

"உன் வீட்டுக் குசினி மணக்கிறதே" என்றாள் தோழி.

விசயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் விளக்கினாள். குண்டு அச்சுக்கு எண்ணெய் ஆகாது. குழிக்குள் துளி எண்ணெய் இருந்தாலும் அது சூட்டில் புகைந்து, ஈயத்தை ஒழுங்காகப் பரவ விடாது. பலகார அச்சுக்கு எது சீதனமோ அது இதற்கு நஞ்சு.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது, பல்கனிக்குப் போன அன்றைக்கு இல்லாத கோபம் அவருக்கு வந்தது.

"நான் பழக்கின அச்சு பிழையாப் போச்சுதோ? ஆர் சொன்னது?"

"பிழையில்லை, எண்ணெய் கூடிப்போச்சுது. அவ்வளவுதான்."

"எண்ணெய் கூடினதோ? இந்தக் கையாலை எத்தினை அச்சுப் பழக்கியிருப்பன்? கொண்டு வாரும் அதை. நான் எண்ணெயை எடுத்துத் தாறன்."

"இப்ப அதிலை ஈயம் பட்டிட்டுது. இனி அது குசினிக்கு வரேலாது."

அவர் யோசித்தார். அந்த யோசனை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டமென்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

"வெடி இல்லாத நாள் எது?" என்றார்.

அப்படித்தான் அவர் முதன்முதலாக வளைவைத் தாண்டி மேலே வந்தார். ஒரு கையில் கேத்தில், மறுகையில் முதியோர் இல்லத்துக் குசினியில் புகைபோக்கி கழுவப் பாவிக்கிற மருந்து, காற்சட்டைப் பைக்குள் பல் துலக்கும் பிரஷ். என் தோழிக்குக் கை கொடுத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கழுவுவார், கொதிதண்ணி ஊற்றுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், திரும்பக் கழுவுவார். தோழி தன் ஆறு குழி அச்சின் பெருமையைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஆறு குழியில் ஒன்றை ஒழுங்காகப் பழக்கலாம், மற்ற ஐந்தையும் ஆர் பார்க்கிறது?" என்று அவர் தன் குசினிப் பிரெஞ்சில் கேட்டார். இதைக் கேட்ட அன்றைக்கு நான் அவரை இன்னொரு முறை கலியாணம் செய்திருப்பேன்.

உலர்ந்த அச்சில் நான் ஈயம் ஊற்றினேன். முதல் இரண்டும் சரிவரவில்லை. மூன்றாவது விழுந்தது, வளையம் வளையமாகக் கோடு போட்ட வெள்ளி மணியாக. ஆறியதும் எடுத்து அளந்தேன். நான் நினைத்த அளவு. அவர் என் கையிலிருந்து மைக்றோமீற்றரை வாங்கி, ஒன்றும் விளங்காவிட்டாலும், தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

"உது எப்பிடிப் போகுதெண்டு எப்ப பாக்கலாம்?" என்றார்.

"சனிக்கிழமை. ஆனால் அண்டைக்குச் சத்தம் இருக்கும்."

"அது எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை காரை வளைவில் நிறுத்தினார். பாட்டை நிறுத்தினார். நான் கதவைத் திறந்து இறங்கி நின்றேன், கூப்பிடவில்லை. பிறகு அவரும் இறங்கினார்.

உள்ளே தோழி அவருக்குக் காதுக் கவசம் கொடுத்தாள். எனக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம், போவோம் என்று திரும்பிச் சொல்ல நினைத்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் இனி ஒருக்காலும் வரமாட்டார். மூச்சைப் பிடித்தேன். விரலை இழுத்தேன்.

முதல் வெடி போனது. நான் திரும்பிப் பார்த்தேன், சுடும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தெரிந்தும். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு காதுக் கவசத்தின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினார். தோழி பதறிப்போய் அதைத் திரும்ப அமத்தப் போனாள். அவர் கையால் மறித்துவிட்டு, தொடர்ந்து சுடும் என்பது போல எனக்குத் தலையசைத்தார்.

கடதாசிக்குச் சுடுகிற வெடிக்கு நாங்கள் வெடிமருந்து குறைவாகத்தான் போடுவோம். இரண்டாவது வெடியை அவர் திறந்த காதால் கேட்டார். கவசத்தைத் திரும்ப வைத்துக்கொண்டு, சுவரை விட்டு ஒரு எட்டு முன்னுக்கு வந்து, என் காதுக்குக் கிட்டக் குனிந்து உரக்கச் சொன்னார்:

"இது எனக்குத் தெரிஞ்ச சத்தம் இல்லை."

அதற்குப் பிறகு நான் சுட்டதெல்லாம் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. கண் கலங்கியிருந்தது, கடதாசி தெரியவில்லை. அளந்து அளந்து வார்த்த குண்டுகளில் பாதி கடதாசிக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுக்குள் போய்விட்டது. அவர் என்னவோ, நான் வேண்டுமென்றே பெரிய வெளிவட்டத்துக்குச் சுடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.